மாமனாரின் ஸ்பீக்கரில் ஏறிய இயங்குதளம்

என் மனைவியின் ஒரே தம்பியும், கணினித் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவரும், இந்தக் குடும்பத்தில் மூளை என்ற ஒன்று தனக்கு மட்டுமே வாய்த்திருப்பதாக எல்லோரையும் நம்ப வைத்திருப்பவருமான மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தாங்கள் புதிதாக வாங்கிய சோபாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா மறுத்துவிட்டது. ஆகவே, இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் 'தாங்கள்' எல்லாம் இந்தப் பத்தியோடு சரி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து உன் அப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போ. அவர் தயாராகிவிட்டார். அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் திறந்து வைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். உன் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுகிறாள். வரும்போது உன் அப்பாவின் பிரிவுபசார விழாப் பேச்சின் நகல் உன்னிடம் இருந்தால் கொண்டு வா. அதோடு, 'யெஸ் குடுங்க அத்தான்' என்று சொன்னது நீதான் என்பதை உன் அக்காவின் முகத்தைப் பார்த்து உன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போ.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும். 'அத்தான், விட்டு விட்டுக் கேக்குது' என்பாய். கடிதம் விட்டு விட்டுக் கேட்காது. மேலும், காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கிடையாது என்று மறுத்துக் கடிதம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். என் கடிதத்தைப் பெற்றவர்கள் மறுபடி எங்களுக்கு எழுதியது அபூர்வம். இலக்கியத்தில் முதுகலை படித்தவனுக்கு உலகம் கொடுத்த வேலை இது. பிரிவுத் தலைவர் பதவிகூட, 'வருந்துகிறோம்' என்பதைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாத ஒருவனுக்குப் போனது. அதுவும் உனக்குத் தெரியும். அதை எதிர்த்து நான் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்ததும் தெரியும். அந்த மேல்முறையீடு நீ கொடுத்த லேப்டாப்பில் இருந்ததும் தெரியும்.

அந்த லேப்டாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் எது பழையதானாலும் அது என் வீட்டுக்கு வரும். கால் ஆடுகிற கட்டில் வந்தது. ஒரே வேகத்தில் சுற்றுகிற மின்விசிறி வந்தது. பிறகு உன் அப்பா வந்தார். கடைசியாக லேப்டாப் வந்தது. இதில் உன் அப்பாவைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மனதுக்குள் சொன்னதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் லேப்டாப் சென்ற வாரம் ஒரு நாள் காலையில் விழிக்க மறுத்தது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. நான் பல் தேய்த்தேன், குளித்தேன், செய்தித்தாள் படித்தேன். அவை சுற்றிக்கொண்டே இருந்தன. உனக்குப் போன் செய்தேன். 'ஒண்ணுமில்ல அத்தான், ஓஎஸ் அடி வாங்கிருச்சு. ஒரு பென் டிரைவ பூட்டபிளா மாத்தி, புதுசா போட்டுட்டாப் போதும். சின்னப் புள்ளைங்க செய்யற வேலை' என்றாய். என் மேல்முறையீடு என்ன ஆகும் என்று கேட்டேன். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்றாய். என் அலுவலகத்தில் இந்த வாசகத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று விடுமுறை நாள். உன் அக்கா தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். திரை முழுக்க ஒரு கடைவாய்ப்பல் சிரித்துக்கொண்டிருந்தது. நீ சொன்ன இடத்திலிருந்து ஓஎஸ் என்கிற இயங்குதளத்தின் கோப்பை இறக்கினேன். அது இறங்கி முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒருவனுக்கு முழுப் பல் வரிசையே கட்டியிருக்கலாம். அந்தக் கோப்பை அப்படியே பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். பென் டிரைவைப் பிடுங்கிச் செத்த லேப்டாப்பில் சொருகினேன். புள்ளிகள் சுற்றின. மறுபடி உனக்குப் போன். போனை ஸ்பீக்கரில் போட்டது என் தவறு. 'அய்யோ அத்தான், அப்படியே காப்பி பண்ணினீங்களா? முட்டையத் தூக்கி அலமாரியில வச்சுட்டு, குஞ்சு வரலைங்கறீங்களே!' என்று நீ சிரித்தாய். உன் அக்காவும் சிரித்தாள். பக்கத்தில் ஒன்றும் காதில் விழாமல் உட்கார்ந்திருந்த உன் அப்பாவும், மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தார். உன் திருமணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் என்னை ஓரமாக நிற்கச் சொல்லி, பிறகு சட்டம் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிட்டாயே, அன்றுகூட இப்படி எல்லோரும் சேர்ந்து சிரிக்கவில்லை. என் முழங்கை இன்னும் உன் வரவேற்பறையில் தொங்குகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

பென் டிரைவில் கோப்பை வைத்தால் போதாது, அதிலிருந்தே கணினி எழுந்திருக்கும்படி, அதாவது பூட்டபிளாக எழுத வேண்டும், அதற்கென்று ஒரு குட்டி மென்பொருள் இருக்கிறது என்று பிறகுதான் சொன்னாய். முதலிலேயே சொல்லியிருந்தால் உனக்குச் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது. சரி, பென் டிரைவை மறுபடி மருத்துவமனை லேப்டாப்பில் சொருகி, அதையும் இறக்கினேன். அது திறந்ததும், எந்தச் சாதனத்தில் எழுதட்டும் என்று ஒரு கட்டத்தில் கேட்டது. கட்டத்தில் இரண்டு பெயர் இருந்தன. இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். 'மாப்ள, இதுல ரெண்டு இருக்கே, எதை எடுக்கறது?' என்று நான் கேட்டேன். நீ எதையோ மென்றுகொண்டிருந்தாய். 'பெருசா இருக்கறத எடுங்க அத்தான். ஃபைல் பெருசாச்சே' என்றாய். பெரியதை எடுத்தேன். சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்றது. அதை உனக்கு வரிக்கு வரி படித்துக் காட்டினேன். 'அது எல்லாருக்கும் வரும். யெஸ் குடுங்க அத்தான்.' மறுபடியும் கேட்டது. 'யெஸ் குடுத்துட்டே போங்க.' கொடுத்தேன்.

அந்த இரண்டில் ஒன்று பென் டிரைவ். இன்னொன்று என்ன என்று நீயும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அது உன் அப்பாவின் ஸ்பீக்கர். அவர் தினமும் மடியில் வைத்துக்கொள்கிற அந்தச் சின்னப் பெட்டி. அதற்கு சார்ஜ் ஏற்றுவதற்காக உன் அக்கா காலையிலேயே அதை மருத்துவமனை லேப்டாப்பில் சொருகி வைத்திருந்தாள். சுவரில் சொருகினால் சூடாகிறதாம். அதற்குள் இருந்த மெமரி கார்டு பென் டிரைவைவிடப் பெரியது. அதை வாங்கிப் போட்டதும் நீதான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது பாட்டு என்று ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து உன் அப்பா ஓய்வு பெற்ற அன்று அவருடைய மேனேஜர் பேசிய பேச்சு அது. கேசட்டிலிருந்து நீ மாற்றிக் கொடுத்தது. காலையில் சவரம் செய்யும்போது ஒரு முறை, மத்தியானம் படுப்பதற்கு முன் ஒரு முறை, சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது ஒரு முறை என்று, அவர் இங்கே வந்த நாளிலிருந்து கேட்டு வருகிறோம். 'இவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தைகள் இல்லை' என்று மேனேஜர் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு அவரிடம் வார்த்தைகள் தீரவே தீராது. 'சூரியன் மறையலாம், ஆனால் வெளிச்சம் ஓய்வு பெறுமா? ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெறலாம், ஆனால் ஸ்டோர் ஓய்வு பெறுமா?' என்பார். கைதட்டல். எனக்கு அந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் கல்லூரியில் எனக்கு இலக்கணம் நடத்தியவரின் முகம் நினைவுக்கு வரும்.

எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது உன் அப்பா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

'மாப்பிள்ளை, என் பெட்டி சார்ஜ் ஏறிடுச்சா?'

நான் அந்தக் கோட்டைக் காட்டி, 'ஏறிக்கிட்டே இருக்கு மாமா' என்றேன்.

'நல்லா ஏறுதே! இவ்ளோ வேகமா நான் பாத்ததே இல்ல' என்று அவர் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னுடைய மேனேஜர் சொல் சொல்லாக அழிவதை அந்த மனுஷர் கோடு முடியும் வரை ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையைத் தட்டினார்.

பிறகு பென் டிரைவைச் செத்த லேப்டாப்பில் சொருகி எழுப்பும் படலம். 'ஆன் பண்ணின உடனே எஃப் ட்வெல்வ தட்டிக்கிட்டே இருங்க. அது இல்லன்னா எஃப் டூ. இல்லன்னா டெலீட். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் அத்தான்' என்றாய். உன் லேப்டாப் எந்தக் கம்பெனி என்பது உனக்குத் தெரியாதா? ஆகவே நான் ஒரு விசை, உன் அக்கா ஒரு விசை, உன் அப்பா ஒரு விசை என்று பிரித்துக்கொண்டு மூவரும் ஒரு சின்ன விசைப்பலகையில் தலையோடு தலை முட்ட நின்று தட்டினோம். 'மாமா, நிறுத்தாதீங்க, தட்டுங்க' என்று நான் கத்த, 'கை வலிக்குது மாப்பிள்ளை' என்று அவர் கையை மாற்ற, 'அப்பாவ எதுக்கு வெரட்டறீங்க?' என்று உன் அக்கா தன் விசையை விட்டுவிட்டு என்னை முறைக்க, வாசலில் குப்பை எடுக்க வந்த ஆள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குப்பையை எடுக்காமலே போய்விட்டான். லேப்டாப் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருக்கும்? பென் டிரைவில்தான் ஒன்றுமே எழுதவில்லையே.

மத்தியானம் உன் அப்பா ஸ்பீக்கரை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார். காதில் வைத்தார். குலுக்கினார். சார்ஜ் அதிகமாகிவிட்டதோ என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் கட்டத்திலிருந்த அந்த இரண்டாவது பெயர் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரை மருத்துவமனை லேப்டாப்பில் சொருகித் திறந்து பார்த்தேன். பேச்சு இருந்த இடத்தில் செட்டப், பூட் என்று சம்பந்தமில்லாத பெயர்களில் கோப்புகள் வரிசை கட்டி நின்றன. உனக்குப் போன் செய்தேன். அழிந்ததை மீட்க முடியுமா என்றேன். 'மேல எழுதிருச்சே அத்தான், கஷ்டம்' என்றாய். ஒரு மகன் இந்த இடத்தில் வருத்தப்படுவான். நீ அடுத்த மூச்சில், 'ஆனா ஒண்ணு, ஸ்பீக்கர் இப்ப பூட்டபிள்! அதையே லேப்டாப்ல சொருகுங்க, சூப்பரா எந்திரிக்கும்!' என்று துள்ளினாய்.

சொருகினேன். எழுந்தது. என் வாழ்நாளில் இதைவிட அவமானமான வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை. உன் அப்பாவின் ஸ்பீக்கர் ஒரு வயரில் தொங்க, அதிலிருந்து இயங்குதளம் இறங்கி இறங்கி, உன் செத்த லேப்டாப் நிறம் நிறமாகக் கண்ணைத் திறந்து 'வணக்கம்' என்றது. நடுவில் அது, லேப்டாப்பில் இருந்த பழையதையெல்லாம் அழிக்க ஒரு சம்மதம் கேட்டது. யெஸ் கொடுத்துப் பழகிய கை, கொடுத்துவிட்டது. என் மேல்முறையீடும் போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த லேப்டாப்புக்கு என் பெயர் தெரியாது, எனக்கு இழைக்கப்பட்ட அநீதி தெரியாது, அதன் மனதில் யார் மேலும் எந்தக் கோபமும் கிடையாது. பொறாமையாக இருக்கிறது.

உன் அப்பா ஸ்பீக்கரையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

'என் பேச்சு அதுக்குள்ள போயிடுச்சா மாப்பிள்ளை?'

'அது வந்து மாமா...'

'பரவால்ல. அத பேசச் சொல்லுங்க.'

உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. உனக்கும் அக்கா அவள், தெரியும். அதற்குப் பிறகு உன் அப்பா சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். மறுநாள் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். நான் சட்டையைக் கழற்றினேன். வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை நாள் இந்த அமைதிக்குத்தானே ஏங்கினேன், வந்ததும் உட்கார முடியவில்லை.

உன் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

'நீங்க பேசுங்க.'

'என்னத்த?'

'அந்தப் பேச்ச. தெனமும் பாத்திரம் கழுவும்போது எங்கப்பாவ நக்கலடிச்சு அந்த மேனேஜர் குரல்லயே பேசிக் காட்டுவீங்கல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? முழுசாத் தெரியும் உங்களுக்கு. பேசி, பெட்டியில ஏத்துங்க.'

'நான் எம்.ஏ. படிச்சவன்.'

'அதனாலதான் மனப்பாடமா இருக்கு. பேசுங்க.'

துணி அலமாரிக்குள் தலையை விட்டு, போர்வைகளுக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு பேசினேன். எதிரொலி வரக்கூடாதாம். எல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. கைதட்டல் வருகிற இடங்களில் உன் அக்கா வெளியே நின்று தட்டினாள். ஆனால் ஒரு சங்கடம். அடுத்தவனைப் பாராட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆதாரம் இல்லாததை மறுத்தே பழகியவன். 'கோபம் என்றால் என்னவென்று அறியாதவர்' என்ற வரி வந்தபோது நாக்கு நகரவில்லை. உன் அப்பாவின் கோபத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். விட்டுவிட்டேன். 'இவர் இல்லாவிட்டால் கிடங்கே இடிந்து விழும்' என்பதையும் விட்டேன், கிடங்கு நிற்கிறது. சூரியனையும் விட்டேன். வெட்டி வெட்டிப் பார்த்தால் பேச்சு மெலிந்துவிட்டது. மிஞ்சியது, கேட்டவர்களை அலைக்கழிக்காமல் சாமானை எடுத்துக் கொடுத்தார் என்பதும், தொலைந்த பொருளுக்குப் பழியைக் கீழே இருப்பவர்கள் மேல் போட்டதில்லை என்பதும்தான். இடத்தை நிரப்ப வேண்டுமே என்று, 'செய்தித்தாளைப் படித்த பிறகு மடிப்புக் கலையாமல் அடுத்தவருக்குத் தருபவர்' என்று நானாக ஒன்று சேர்த்தேன். அது மேனேஜருக்குத் தெரிய நியாயமில்லை. அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

இன்று காலை அந்தப் பதிவை ஸ்பீக்கரில் ஏற்றி அவர் மடியில் வைத்தோம். முழுவதும் கேட்டார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. செய்தித்தாள் வரி வந்தபோது மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முடிந்ததும் எழுந்து அறைக்குப் போனார். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது. 'எங்கப்பாவ வீட்ட விட்டு வெரட்டிட்டீங்க' என்றாள் உன் அக்கா. அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய வாக்கியம்.

ஆகவே வா. அவர் போவதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பக்கம் எழுதினேன். அவருக்கு மத்தியானம் படுக்கையில் தலைமாட்டில் தண்ணீர் வைக்க வேண்டும். வலது பக்கம் நின்று பேசினால் காது கேட்கும். செய்தித்தாளை முதலில் அவரிடம் கொடு. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன், வேறு ஒன்றும் இல்லை.

உன் இல்லத்தில் எல்லா வளமும் பொங்கட்டும், உன் கணினிகள் நோயின்றி வாழட்டும், உன் துணைவியாருக்கு என் விசாரிப்புகளைச் சொல்லவும் என்று வாழ்த்தி,

முழங்கை வரை உன் குடும்பத்தில் இடம்பெற்றிருக்கும்,
உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அறைக் கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமை வராதே. பெட்டியை இறக்கியது கிளம்புவதற்கு இல்லையாம். ஓய்வு பெற்ற அன்று போட்டிருந்த கோட்டைத் தேடினாராம். போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நிற்கிறார். பொத்தான் ஒன்றுகூடப் பூட்ட வரவில்லை. 'அந்த மேனேஜர் பேசினதுல பாதி எனக்கே கூச்சமா இருக்கும் மாப்பிள்ளை. நீங்க அதையெல்லாம் எடுத்துட்டீங்க. மிச்சத்த நேர்ல ஒரு தடவ கேக்கணும்' என்கிறார். உன்னிடம் நகல் கிடைத்தாலும் அனுப்பாதே, அழித்துவிடு. எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கேள். உன் அக்கா கூடத்தில் நாற்காலி போடுகிறாள், எதிர்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டாளாம். எனக்குத் தொண்டைக்கு வெந்நீர் வைத்திருக்கிறாள். நான் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நின்றுகொண்டேதான் பேசப் போகிறேன். இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம் என்று தோன்றுகிறது, அவையும் உண்மைதான்.